அம்மாவை வைத்து எடுத்த அறுபத்துநான்கு படங்கள்

வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் படம் எடுத்தவள் என் அம்மா. அவள் இறந்து ஒன்பது நாள் ஆகிறது. கூடத்தில் மாட்ட அவள் படம் ஒன்று வேண்டும். இல்லை. அடையாள அட்டையில் இருப்பதைச் சித்தி ஏற்கவில்லை.

"அதுல அக்கா யாரையோ முறைக்கிறா. ஊருக்கெல்லாம் படம் எடுத்தவளுக்கு ஒண்ணு இல்லேன்னா யாராவது நம்புவாங்களா? நல்லா தேடுடி."

இருந்தது. நான்தான் அழித்தேன்.

அம்மா முதலில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் இருந்தாள். பிள்ளை பெற்றவர்களால் வெளியே வர முடியாது, நாமே போனால் என்ன என்று தோன்றியதும் அந்த வேலையை விட்டாள். இருபத்திரண்டு வருடம் இப்படி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பாள், பிறகுதான் குழந்தையை. பச்சைச் சுவர் என்றால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறிவிடும். மறைக்க அவளிடம் இருந்தது மூன்று மீட்டர் காகிதச் சுருள். மாடிப்படி வளைவில் திரும்பாது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே ஏறுவாள். தோளில் இரண்டு ஃபிளாஷ், இரும்பு ஸ்டாண்டுகள். போன வருடம் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

"நீதானே விளக்கு கம்பெனியில இருக்கே. தூக்குற மாதிரி ஒண்ணு பாத்துக் குடு."

நான் ஒளியை அளக்கும் பிரிவில் இருக்கிறேன். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பலகைகள் இரண்டை இரவல் வாங்கி வந்தேன். ஒன்று தொள்ளாயிரம் கிராம், மற்றது ஒன்றரைக் கிலோ. பின்னணிக்கு, முறுக்கி மடக்கினால் பெரிய தட்டளவுக்குச் சுருங்கும் சாம்பல் துணித்திரை. மடக்கும்போது துள்ளி விரிந்து அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"சின்ன வயசுல உன்னைக் குளிப்பாட்டினதுகூட இவ்வளவு பாடு இல்லடி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சோதனை. ஜன்னலை மூடி, அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு படத்திலும் நெற்றி, இடக் கன்னம், வலக் கன்னம் மூன்றின் நிற அளவையும் எக்செல் தாளில் ஏற்றினேன். லேசான விளக்கில் தோல் பச்சை பாய்ந்தது. கனமானதில் சரியாக இருந்தது.

"அசையாதம்மா."

"மூக்கு அரிக்குது."

"அசைஞ்சா அளவு மாறிடும்."

"உங்கப்பாகூட என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்ததில்ல."

முடிந்ததும் எழுந்து இடுப்பை நிமிர்த்தினாள்.

"இதுல ஏதாவது நல்லா வந்திருந்தா ஒண்ணு வெச்சிரு."

"இதெல்லாம் டெஸ்ட் ஷாட்மா. ஒருநாள் ஒழுங்கா எடுத்துக்கலாம்."

மறுநாள் அவளுக்கு ஒரு வீட்டில் வேலை. கேமரா கார்டு காலியாக இருக்கட்டும் என்று ஃபார்மட் செய்து கொடுத்தேன். அளவுகள் தாளில் ஏறிவிட்டன. படங்களால் இனி என்ன பயன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

கனமான விளக்கையே வாங்கினோம். ஏழு மாதம் தூக்கினாள். எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு மாரடைப்பு.

நேற்று அந்தக் கார்டை, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளில் போட்டேன். வரிசையாக யார் வீட்டுக் குழந்தைகளோ வந்தார்கள். எல்லாம் அவள் எடுத்தவை, எங்கள் படங்களின் மேல் பதிந்தவை. எங்களுடையதில் ஒன்றே ஒன்று, அதுவும் மேல்பகுதி மட்டும்: சாம்பல் துணி, வகிடு, பாதி நெற்றி. அதற்குக் கீழே வெறும் கட்டம்.

சித்தி மறுபடி கூப்பிட்டாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல சித்தி. அட்டையில இருக்கறதையே பெருசு பண்ணச் சொல்லுங்க."

"உன் கம்ப்யூட்டர்ல எதுவுமே இல்லையாடி?"

"இல்ல."

எக்செல் தாள் இருக்கிறது. அறுபத்துநான்கு வரிசை. அம்மாவின் நெற்றி, இடக் கன்னம், வலக் கன்னம், எல்லாம் எண்களாக. நாற்பத்தொன்றாவது வரிசையில் மட்டும் மூன்று கட்டமும் காலி. குறிப்புப் பகுதியில் நானே தட்டியது:

சிரித்துவிட்டாள். செல்லாது. மீண்டும் எடுக்கவும்.