பெர்னடெற் அன்ரியின் குலச்செடி

"அக்கா, கறிவேப்பிலைதானே! ஏதோ மாப்பிள்ளை பாக்கிற மாதிரி ஒவ்வொண்டாய்ப் பாக்கிறியள்?"

லண்டன் ஹவுன்ஸ்லோவில் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரன் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு வெள்ளிக்கிழமை இதைக் கேட்பார். போன வருடமும் கேட்டார், அதற்கு முதல் வருடமும் கேட்டார். பெர்னடெற் அன்ரி காதில் விழாதவர் போலப் பெட்டிக்குள் தலையை விட்டபடி நிற்பார். பழுப்பு இருக்கக் கூடாது. புள்ளி கூடாது. நுனிக் கொழுந்து வாடியிருக்கவே கூடாது. எண்ணிப் பதினைந்து கொத்து. வீட்டுச் சமையலுக்கானதை மட்டும் பார்க்காமலே அள்ளிப் பையில் போடுவார்.

"இது சட்டிக்கில்லைத் தம்பி, ஆக்களுக்கு," என்பார். அதற்கு மேல் அவர் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் பன்னிரண்டு வருடக் கள்ளம் வெளியே வந்துவிடும்.

அன்ரிக்கு அறுபத்து மூன்று வயது. பிறந்தது மன்னார். இருபத்தாறு வருடமாக விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கிறார். பைக்குள் கருவாடு இருந்தால் மெஷினுக்கு முன் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசை. பின்னால் யாராவது சுருதி தவறிப் பாடினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், அந்த ஆள் அடுத்த பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார்.

பார்க்கிற அந்தக் கண் சாம்பல் நிறம். பள்ளிக்கூடத்தில் அவரைப் "பூனைக்கண்ணி" என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலே கேட்டால் பேச்சை மாற்றினார்கள். வளர்ந்த பிறகுதான் விசயம் தெரிந்தது: தலைமன்னார் இறங்குதுறைக்கு எஞ்சினியராக வந்து, கோயிலில் முறைப்படி கலியாணம் கட்டி, அங்கேயே அடக்கமான பூட்டன் ஒருவர் இருந்திருக்கிறார். பெயர் டங்கன் மக்டொர்லன். ஸ்கொட்லாந்துக்காரர்.

லண்டனில் மக்டொர்லன் குலத்தாருக்கு ஒரு சங்கம் உண்டு. அன்ரியோடு சேர்த்துப் பதினான்கு பேர். வருடத்தில் ஒரு சனிக்கிழமை விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் குலவிருந்து. ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதியை அனுப்பி அன்ரி அதில் சேர்ந்தார். முதல் விருந்துக்கு வந்த கடிதத்தில் ஒரு வரி: 'எல்லோரும் குலச்செடியின் கிளையொன்றை அணிந்து வரவும்.' ஸ்கொட்லாந்தில் ஒவ்வொரு குலத்துக்கும் அடையாளமாக ஒரு செடி உண்டு. மக்டொர்லன்களின் செடி பொக் மேர்ட்டில், வடக்கே சேற்று நிலத்தில் வளருகிற வாசனைச் செடி. ஹவுன்ஸ்லோவில் சேற்றுக்கு எங்கே போவது? அன்ரி பிரிட்ஜைத் திறந்தார். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து, சேலைக்கு மேல் போட்ட கட்டம்போட்ட குலப்பட்டையில் ஊசியால் குத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "தூரத்தில ஆருக்குத் தெரியப் போகுது?"

தூரத்தில் தெரியவில்லை. ஆனால் சங்கத் தலைவர் ஹெக்டர், இரண்டு கண்ணிலும் புரை விழுந்த எண்பது வயது மனிதர், கிட்ட வந்து மோந்தே பார்த்துவிட்டார். அவர் கண் கலங்கியது. "முப்பது வருடமாக நாங்கள் குத்துவது பிளாஸ்டிக். இன்றைக்குத்தான் ஒருத்தி உண்மையானதைக் கொண்டு வந்திருக்கிறாள்," என்றார். பிறகு அன்ரியின் முகத்துக்கு நேரே குனிந்து, "இது எங்கள் குலத்துக் கண்," என்றார்.

பூனைக்கண்ணை ஒருவர் சொந்தம் கொண்டாடியது அதுதான் முதல் தடவை. அன்று இரவு அன்ரி வீட்டில் சொன்னார்: "உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். 'தாங்க் யூ' எண்டுதான் வந்தது."

அடுத்த வருடம் எல்லோரும் தங்களுக்கும் கேட்டார்கள். இப்படியாக லண்டன் மக்டொர்லன்கள் பதினான்கு பேரும் தொப்பியிலும் பட்டையிலும் தாளிதச் சாமானோடு நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். அன்ரி கொண்டுபோவது பதினைந்து, ஒன்று கைப்பைக்குள், யாருடையதாவது விழுந்தால் கொடுக்க.

வேடிக்கை என்னவென்றால், சட்டதிட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆண்கள் கட்டுகிற கில்ட் பாவாடையின் இரண்டு மடிப்பையும் சேர்த்து ஊசி குத்தியவரை மண்டப வாசலிலேயே மறித்துத் திருத்துவார். தொப்பியில் மூன்று கழுகிறகு குத்தக் குலத்தலைவருக்கு மட்டுமே உரிமை என்று சின்னப்பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் போலச் சொல்லுவார். கணவர் கிறிஸ்துநாயகம் மட்டும் அசையமாட்டார். "மடிச்சுத் தைச்ச சாரத்துக்கு இவ்வளவு சட்டமோ?" என்று கேட்டுவிட்டு ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இந்த வருடம் இடி விழுந்தது. குலத்தலைவியே ஸ்கொட்லாந்திலிருந்து விருந்துக்கு வருகிறாராம். சொந்தக் காணியில் பொக் மேர்ட்டில் வளர்க்கிறவராம்!

அன்ரிக்கு மூன்று கிழமை நித்திரை இல்லை. உண்மைச் செடியைத் தேடி வாங்கிக் கொடுத்தால், இத்தனை வருடமும் குத்தியது வேறு என்று மற்றப் பதின்மூன்று மூக்கும் கண்டுபிடித்துவிடும். கறிவேப்பிலையைக் கொடுத்தால் தலைவி கண்டுபிடிப்பார். எப்படிப் பார்த்தாலும் கள்ளி.

"இஞ்சேரும், உள்ளதைச் சொல்லிப்போடும்," என்றார் கிறிஸ்துநாயகம்.

"சொல்லலாம். பிறகு அந்த ஹெக்டர் மனுசன் என்ர கண்ணையும் பொய்யெண்டு நினைக்குமே!" அன்ரிக்கு அழுகை வந்துவிட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து பாதர் நிர்மலன் இருமுவது போல நெடுநேரம் சிரித்தார். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லிவிட்டு, இவ்வளவு பச்சையாய் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டார்.

கடைசியில் அன்ரி கறிவேப்பிலையோடுதான் போனார்.

தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க நெடிய மனுசி. தொப்பியில் மூன்று இறகு, அதன் அடியில் அசல் பொக் மேர்ட்டில். வரிசையில் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். ஹெக்டருக்கு முன்னால் நின்றார். மூக்கு ஒருமுறை விரிந்தது. வரிசை முழுவதையும் ஒருதரம் பார்த்தார்.

"எங்கள் பெர்னடெற்தான் கொண்டு வந்து தருகிறாள்," என்றார் ஹெக்டர் பெருமையாக. "இந்த வாசனைக்காகவே இன்னும் வந்துகொண்டிருக்கிறேன்."

தலைவி அன்ரியிடம் வந்தார். மாதாவே, மண்டபம் இடிந்து விழட்டும் என்று அன்ரி மன்றாடினார்.

"எந்தச் சேற்று நிலம்?" என்று தலைவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஹவுன்ஸ்லோ," என்றார் அன்ரி. பொய் சொல்ல இனித் தெம்பில்லை. "நாங்கள் கறிக்குப் போடுவது."

"தெரியும். புதன்கிழமைகளில் நான் பருப்புக்கறி வைப்பேன்." தலைவியின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "எங்களுடையதை நாங்கள் ஆட்டிறைச்சிக்குப் போடுவோம். உன்னிடம் மேலதிகமாக ஒன்று இருக்கிறதா?"

அன்ரி கைப்பையைத் திறந்தார். பதினைந்தாவது கொத்து. தலைவி தொப்பியைக் கழற்றி, தன் கிளையை உருவி அன்ரியின் கையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கறிவேப்பிலையைச் செருகினார். "லண்டன் கிளை மிகவும் பச்சையாக இருக்கிறது," என்று ஹெக்டருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார். ஹெக்டர் கைதட்டத் தொடங்கினார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அன்ரி பருப்பை இறக்கி வைத்துவிட்டுத் தாச்சியை அடுப்பில் வைத்தார். கடுகு வெடித்தது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் பொரிந்தன. கை பழக்கத்தில் கறிவேப்பிலைப் பைக்குப் போய், பாதியில் நின்றது. யன்னலோரக் கிளாசில் தலைவியின் கிளை நின்றது. அதில் ஒரேயொரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். பின்னால் கிறிஸ்துநாயகம் வந்து நின்றதைக் கவனிக்காமல், நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை வரைந்துகொண்டு, அதை எண்ணெய்க்குள் போட்டார்.