பீடி சுற்றாத கை

ஆம்பூரில் எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு சலுகை உண்டு. அவள் பீடி சுற்ற வேண்டாம்.

சாயங்காலமானால் அம்மாவும் அக்காவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே கிடக்கிறது என்று இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் அப்பா. தோல் ஷெட்டில் வேலை அவருக்கு. அங்கே கணக்குப்பிள்ளை படித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். அட்டை முதல் தொடர்கதை வரை தோல் வாடை அடிக்கும். கதை என்றாலே அந்த வாடைதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் போகிறவள் நான்தான். அதனால் நான் வாசிப்பேன். அவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். என் பங்கையும் சேர்த்து அக்கா சுற்றுவாள். அக்காவும் இரண்டாம் வகுப்பு வரை போனவள்தான். நான் பிறந்ததும், என்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாவத்தையும் என் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சாதாரணமாக வாசிக்க மாட்டேன். திருடனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல். பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் உருது பேசுகிறவர், அவரும் தன் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள், கதாநாயகி கிணற்றடியில் நிற்கிற இடத்தில், அக்கா இலையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நான் படிக்கறேன். நீ சுத்து."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கொடுத்தேன். அக்கா விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். 'கிணற்றை' என்ற சொல்லில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். மறுபடியும் நின்றாள். எனக்குத் தெரிந்த சொல்லை அவள் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பட்டென்று சொல்லிவிட்டேன். அடுத்த சொல்லையும் சொன்னேன். அதற்கடுத்ததையும்.

"தங்கச்சியே படிக்கட்டும்டி. ஒரே பேஜாரா இருக்குது, கதை நவுரவே மாட்டேங்குது" என்றாள் அம்மா. நான் சுற்றியிருந்த பீடிகளை எடுத்துப் பார்த்தாள். லொடலொடவென்று இருந்தன. பீடிக் கடையில் கழித்துவிடுவார்கள். அக்கா பத்திரிகையை என்னிடம் நீட்டிவிட்டு, நான் சுற்றியதையெல்லாம் பிரித்துத் திருப்பிச் சுற்றினாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

சின்னப் பெண், இதில் என்ன குற்றம் என்பீர்கள். என் கணவரும் அப்படித்தான் சொல்கிறார். அவருக்கென்ன, அன்றைக்கு என் அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான் படித்து வாத்தியாரம்மா ஆனேன். ஊர் ஊராகப் பெற்றோர் கூட்டங்களில் பேசினேன். "வீட்டில் தினமும் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குத் தானாக ஆசை வரும்" என்பேன். எங்கள் வீட்டையே உதாரணம் காட்டுவேன். கைதட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா பீடியைப் பிரிப்பது கண்ணில் வரும். அதை மட்டும் சொல்ல மாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவைப் பார்க்க ஒருதரம் கதைப் புத்தகங்களோடு போனேன். நான்தான் அந்த வீட்டுக்குப் படிப்பைக் கொண்டுபோகிறேன் என்று நினைப்பு. உள்ளே நுழைந்தால், முறங்களுக்கு நடுவில் அக்காவின் பெரிய பெண் வாசித்துக்கொண்டிருக்கிறாள். பக்கம் முடிந்ததும் தானாகவே புத்தகத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அவள் முறத்தை வாங்கிக்கொண்டாள். சின்னவள் திக்கினாள். யாரும் சிரிக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

"வுடு" என்றாள் அக்கா. "அந்தச் சொல்லுக்கு அவளே வருவா. எங்க வூட்ல காத்துனு இருப்போம்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்னவள் முடித்ததும் புத்தகம் அக்காவிடம் போனது. அவள் தன் முறத்தை என் மடியில் வைத்தாள். "கேக்கறவங்க சுத்தணும். அதான் இங்க."

அக்கா விரலை வைத்து வாசித்தாள். அப்போதைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. இருந்தாலும் நடுவரியில் நின்றாள். எந்தச் சொல் என்று எனக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வரும் வரைக்கும்.