ஒத்துக்காத கல்

என் அண்ணி பூங்குழலி வேப்பந்தட்டைக்காரர். மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். கல்யாணமாகி ரெட்டிபாளையம் வந்தபோது கூடவே ஒரு தையல் மிஷினும் வந்தது. சிமென்ட் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு. காலையில் துடைத்த மிஷின்மேல் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறத்தில் தூசி படிந்துவிடும். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்துத்தான் கொடுப்பார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு வைர மூக்குத்தி.

அவருடைய அம்மாவின் மூக்கில் ஒரு வைரம் இருந்ததாம். போர்வெல் போட்ட வருஷம் அது போனது. தண்ணீரும் வரவில்லை. "கரண்டு போன நேரத்துல அம்மா திரும்புனா மூக்குதான் மொதல்ல தெரியும் ஹேமா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தைத்த காசில் அதற்கென்று கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தார்.

என் அண்ணன் தமிழழகன் அந்த ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் ஆபரேட்டர். மிக்ஸி ஜாடிக்கு மூடி வாங்குவதென்றாலும் போனில் நாலு இடத்தில் விலை பார்ப்பார். வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று சத்தமாகப் படித்துக் காட்டுவார். மூக்குத்தி என்றதும் ஒரு மாதம் போனும் கையுமாக உட்கார்ந்தார்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. அரியலூர் கடைத்தெருவில் சிங்காரவேலு என்று ஒரு பெரியவர் நகைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வைரத்தை யாரும் பார்த்த உடனே வாங்குவதில்லை. கல் வீட்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். சிங்காரவேலு தெரிந்தவர்களுக்குக் கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். நல்ல கனவு வந்தால், வீட்டில் நல்லது நடந்தால், வாங்கலாம். சண்டை, காய்ச்சல், கெட்ட கனவு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். 'ஒத்துக்கலை' என்ற ஒரு சொல் போதும். ஏன், என்ன என்று அவர் கேட்பதில்லை.

அண்ணன் போய் ஒரு கல் வாங்கி வந்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. முதல் ராத்திரியே மகள் முத்தமிழுக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல் விட்டது. மூன்று நாளும் அண்ணி சிரித்துக்கொண்டே மிஷின் மிதித்தாராம்.

நான் பெரம்பலூரில் வேலை பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரெட்டிபாளையம் வந்திருந்தேன். அண்ணன் காலையில் கடைக்குப் போய்விட்டுக் கைவீசிக்கொண்டு திரும்பினார்.

"எங்கங்க கல்லு?" என்றார் அண்ணி.

"குடுத்துட்டேன். ஒத்துக்கலைன்னு சொன்னேன், மனுசன் ஒரு வார்த்தை கேக்கலையே! ராத்திரி பூரா பாம்பு தொரத்துச்சுன்னு சொல்லலாம்னு கதையெல்லாம் ரெடி பண்ணிட்டுப் போனேன், வேஸ்ட்டாப் போச்சு."

"என்னங்க இது? எனக்கு ஒத்துக்கிச்சு. புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுச்சு."

"காய்ச்சல் மாத்திரையில வுட்டுது. இங்க பாரு, இதே அளவு, இதே நெறம். விலையைப் பாரு. சர்ட்டிபிகேட்டு தர்றான். கல்லு மேலயே நம்பர் பொறிச்சிருக்கு. புடிக்கலைன்னா வூட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போவான். அவருகிட்ட என்ன இருக்கு? வாய்தான் சர்ட்டிபிகேட்டு."

"வேணாங்கறது வேற. ஒத்துக்கலைன்னு பொய் சொல்றது வேற. கல்லு விஷயத்துல வெளையாடாதீங்க."

"அட, கல்லுக்குக் காது இருக்கா? இருந்தா அதுக்கும் ஒரு தோடு வாங்கிப் போடுவோம்" என்றார் அண்ணன். அண்ணிகூடக் கடைசியில் சிரித்துவிட்டார்.

பெட்டி வந்தது. வெல்வெட் பை, சான்றிதழ், கல்லைப் பெரிதாக்கிக் காட்டும் படம் எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி மூக்குத்தியைப் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த அண்ணன், சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திய பொடி தூறலில் சேறாகியிருந்த வளைவில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என் அம்மா பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது, அம்மா நிமிர்ந்து மருமகளின் மூக்கைப் பார்த்தார். "அதைக் கழட்டுடி" என்றார். அண்ணி அங்கேயே கழற்றினார். அவசரத்தில் கிழிந்து ரத்தம் வந்தது. கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல், உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் பஸ் பிடித்துச் சிங்காரவேலுவிடம் போனார். என்னையும் அழைத்துக்கொண்டார்.

"ஐயா, அவரு தலையில அடிபட்டுத் திருச்சி ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டாரு. உங்க கல்லு எங்களுக்கு ஒத்துக்கிச்சு. தப்புதான். மன்னிச்சு இந்தக் கல்லை நீங்க வாங்கிக்குங்க. காசு வேணாம். வூட்டுல இருந்து போனாப் போதும்."

சிங்காரவேலு மேஜை விளக்கை அணைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும் தாயி. ஒத்துக்கலைன்னு வர்றவங்க யாரும் சிரிச்சுக்கிட்டு வர மாட்டாங்க."

"அதனாலதான் இப்படி ஆயிடுச்சுங்களா?"

"அதெல்லாம் இல்ல. நீ தம்பியைப் போய்ப் பாரு."

"இதை வாங்கிக்குங்கய்யா."

"நான் குடுக்காத கல்லு. குடுத்தவங்கதான் திரும்ப வாங்கணும். அதான் மொறை. யார்கிட்ட வாங்குனீங்களோ அங்க அனுப்பிடும்மா."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையை அண்ணி இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வீக்கம் என்றார், அழுத்தம் என்றார், பொறுத்திருந்து பார்க்கணும் என்றார். அதில் எதற்கும் அண்ணியால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லை அனுப்புவது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. கல் கொடுத்தவன் கைக்குப் போனால் அண்ணன் கண் திறப்பார். அதற்குமேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கொடுத்தவனைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கம்பெனிக்கு முகம் இல்லை, ஊர் இல்லை. ஒரு நம்பர்தான் இருந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுகொண்டு அண்ணி பேசினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்திருந்தேன்.

"மேடம், ஆர்டர் போட்டவர்தான் ரிக்வெஸ்ட் குடுக்கணும்."

"அவரால பேச முடியாதுங்க."

"அப்போ அவர் போன்ல ஆப்பைத் திறந்து நீங்களே குடுக்கலாம் மேடம். என்ன காரணம்னு கேட்கும். அளவு சரியில்லை, சேதமாகி வந்தது, மனசு மாறிடுச்சு..."

"ஒத்துக்கலைங்க."

"அப்படி ஒரு காரணம் லிஸ்ட்ல இல்லை மேடம்."

அண்ணனின் போன் போலீஸ் கொடுத்த பையில் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஆனால் வேலை செய்தது. பூட்டைத் திறக்க அவருடைய விரல் வேண்டும். பார்வை நேரத்தில் அண்ணி போனைச் சேலைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அண்ணி அண்ணனின் வலது கட்டை விரலை எடுத்துப் போன்மேல் வைத்தார். வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. திறக்கவில்லை. ஆள்காட்டி விரல், திறக்கவில்லை. இடது கையில் ஒரு விரலில் கிளிப் மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றியதும் கட்டிலுக்கு மேலிருந்த மானிட்டர் அலறியது. நர்ஸ் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அறிவிருக்கா?"

"ஒரே நிமிஷம் சிஸ்டர். அவரு வெரலு ஒரே ஒரு தடவை. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

நர்ஸ் என்ன நினைத்தாரோ, சத்தத்தை நிறுத்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த விரலில் போன் திறந்தது.

காரணம் என்ற இடத்தில் 'மனம் மாறியது' என்பதைத் தொட்டார் அண்ணி. தொட்டுவிட்டு, "எனக்கு எங்க மனசு மாறுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

கூரியர்காரர் பதிவான முகவரிக்குத்தான் வருவார். ஆள் இருந்து, பெட்டியோடு கையில் கொடுக்க வேண்டும். பெட்டியும் ரெட்டிபாளையத்தில்தான் இருந்தது. நான் போகிறேன் என்றேன். அண்ணி சம்மதிக்கவில்லை. "போட்டுக்கிட்டவ நானு. என் கையாலதான் போவணும்." விடியும் முன்பே லால்குடி வழி பஸ்ஸில் கிளம்பிப் போனார்.

அன்று காலையில் அண்ணனின் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். கண் திறந்தார். டாக்டர் முகத்திலேயே சந்தோஷம் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். குரல் கரகரவென்று வந்தது.

"பூங்குழலி எங்க?"

"வூட்டுக்குப் போயிருக்காங்கண்ணே. இதோ வந்துடுவாங்க."

"சாப்டாளா?"

அவ்வளவுதான் பேசினார். நான் வெளியே ஓடி வந்து அண்ணிக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் அண்ணி வீல் என்று கத்தினார். "பாத்தியா! பெட்டியை ஒட்டி வச்சிட்டேன் ஹேமா. இன்னும் அந்தாளு வரலை. போறதுக்கு முன்னாடியே அவரு கண்ணைத் தொறந்துட்டாரு பாரு!"

"அண்ணி, அதை அப்படியே வுட்டுட்டு வாங்க. உங்களைத்தான் கேக்குறாரு."

"அய்யோ, இப்ப வுட்டுட்டு வந்தா எல்லாம் கெட்டுப்போவும். குடுத்துட்டு வந்துடறேன். நான் வரேன்னு சொல்லு. சாப்டேன்னு சொல்லு."

கூரியர்காரர் மத்தியானம் தாண்டித்தான் வந்தார். அண்ணி கொடுத்துவிட்டு ஒரு வாடகைக் கார் பிடித்தார். கார் புள்ளம்பாடி தாண்டி வரும்போது அண்ணனுக்கு மூச்சுத் திணறியது. ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலை அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அண்ணி மாடிப்படி ஏறி வந்தபோது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே திரை போட்டிருந்தது. அண்ணியின் நெற்றியில் குலதெய்வத்தின் திருநீறு புதிதாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் வாசலில் ஒரு பைக் நின்றது.

"தமிழழகன் இருக்காருங்களா?" என்றார் கூரியர்காரர். கையில் அதே பெட்டி.

'அணிந்த பொருள் என்பதால் ஏற்க இயலாது' என்று ஒரு துண்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அம்மா உள்ளேயிருந்து, "வாங்காத, வாங்காத" என்று கத்தினார். அண்ணி பார்த்தது பெட்டியை அல்ல, மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த முத்தமிழை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பில்லாமல், அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

சிங்காரவேலு எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். அண்ணி பெட்டியைக் கிழித்துக் கல்லை அவர் முன்னால் வைத்தார்.

"வாங்க வேணாம். பாத்து மட்டும் சொல்லுங்க. இதுல என்ன குத்தம்?"

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கல்லும்மா. சுத்தமா இருக்கு."

அண்ணி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இல்லைங்க. நல்லாப் பாருங்க. ஒரு குத்தமாவது இருக்கும்."

"தாயி..."

"சுத்தமான கல்லுன்னா, நான் எதுக்குய்யா அவரை வுட்டுட்டு வந்தேன்? கண்ணைத் தொறந்து என்னைக் கேட்டாருங்க. சாப்டாளான்னு கேட்டாரு. நான் இந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். சும்மா ஒரு நல்ல கல்லுக்காகவா உக்காந்திருந்தேன்? பாருங்கய்யா. திரும்பப் பாருங்க."

கடைக்கு வந்த வேறு இரண்டு பேர் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. கல்லுக்குள் குறை எதுவும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. நான் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

சிங்காரவேலு மறுபடி லென்ஸை எடுத்தார். இந்த முறை வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இருக்கு" என்றார். "ஓரமா ஒரு கரும்புள்ளி. மொதல்ல கண்ணுல படலை."

"பெருசாங்க?"

"பெருசுதான்."

"ஆளைத் தூக்குமா?"

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "தூக்கும் தாயி."

அண்ணியிடமிருந்து நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. சிங்காரவேலு இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கல்லை மடித்து, தன்னுடைய இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இது இங்கயே கெடக்கட்டும். நீ வூட்டுக்குப் போ."

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கால் வெயிலில் கொப்புளித்திருந்தது. "கேட்டியா ஹேமா? கரும்புள்ளி. நான் போனது தப்பில்லை" என்றார்.

"தப்பில்லை அண்ணி."

தலையை ஆட்டினார். என் தோளில் சாய்ந்துகொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் நிமிர்ந்து என் கையைப் பிடித்தார்.

"அவரு கண்ணைத் தொறந்து என்ன கேட்டாரு? மொதல்லேர்ந்து சொல்லு."