நாலாவது அடி

எங்கள் டிரம்மர் இறந்த செய்தி வந்தபோது நான் அவனுடைய அடிகளைத்தான் கணினியில் சரி செய்துகொண்டிருந்தேன். காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது, "அண்ணா, கடைசிப் பாட்டு எப்புடி வந்துருக்கு?" என்று போன் செய்தவன். மதியம் சேத்தியாத்தோப்பு சாலையில் லாரி மோதிவிட்டதாம். ஒரு காதில் போன், மறு காதில் ஹெட்போன். அதில் அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். செத்தவன் எப்படி வாசிப்பான் என்று முட்டாள் மாதிரி யோசித்துக்கொண்டு நின்றேன்.

நெய்வேலியில் ராக் இசைக்குழு என்றால் சிரிப்பார்கள். நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் சுரங்கத்தில் இருக்கும்போது இன்னொருவன் தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் எங்கள் ஆல்பத்துக்காக நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. அவன் முதலில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்து டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போவான். அதைக் கேட்டு மற்றவர்கள் அவரவர் பங்கை வாசிப்போம். ஒட்டுவது என் வேலை.

அவனிடம் ஒரு கோளாறு. நாலாவது அடி மட்டும் கொஞ்சம் தாமதமாக விழும். எனக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. பெல்ட் ஓர் அங்குலம் ஒதுங்கினாலே எனக்குப் பொறுக்காது. "நாலாவதுல தூங்கிடுறியாடா?" என்று அவன் மானத்தை வாங்குவேன். சிரிப்பான். அவன் போனதும் அடிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, பழைய பதிவை அழித்துவிடுவேன். ஐந்து பாட்டுக்கும் அப்படித்தான் செய்தேன்; கடைசிப் பாட்டை அவன் செத்த பிறகும் அதே பழக்கத்தில் முடித்து அழித்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து, அவன் மனைவியை அழைத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினோம். அவன் இதிலாவது இருக்கிறான் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என நினைத்தோம்.

"இது அவரு இல்லீங்கண்ணா" என்றாள்.

"அவன்தாம்மா. இதே ரூம்ல வாசிச்சது."

"இல்லீங்க. சோத்துக்கு ஒக்காந்தா தட்டுல தாளம் போட்டுக்கினே இருப்பாரு. மூணு தட்டிட்டு, நாலாவதுக்கு என் மொகத்தப் பாப்பாரு. அப்புறந்தான் தட்டுவாரு. இதுல யாரையும் பாக்கலியே."

லாரி விட்டுவைத்திருந்த மிச்சத்தையும் நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"திரும்பக் கொண்டாற முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா. அழிச்சது அழிச்சதுதான்" என்றேன்.

அந்த டிரம்ஸ் முழுவதையும் ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். மீதி மூன்று பேரும் முதல்முறையாக ஒரே நாளில் லீவு போட்டு என் அறையில் கூடினோம். அவளையும் வரச் சொல்லியிருந்தோம். தாளத்துக்கு யார் என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, "நான் தட்டட்டுங்களா?" என்றாள் அவள். வீட்டிலிருந்து அவன் சாப்பிடும் தட்டைக் கொண்டுவந்திருந்தாள்.

பதிவை ஓடவிட்டேன். குனிந்தபடி மூன்று தட்டினாள். நாலாவதுக்கு நிமிர்ந்து எதிரே பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அப்புறம்தான் தட்டினாள்.