கிரிவலப் பாதையில் ஒரு பாதுகாப்பு உத்தரவு

குடும்ப வன்முறைச் சட்டம் வந்த புதிதில் திருவண்ணாமலை கோர்ட்டில் எனக்கு ஒரு பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார்கள். அப்போது வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் மனுவையெல்லாம் அடித்த எனக்கு என் கையிலிருந்த இரண்டு பக்கம் புரியவில்லை. கணவர் என்னைத் துன்புறுத்தக் கூடாது, வீட்டுக்கோ கடைக்கோ வரக் கூடாது, என்னோடு பேச முயலக் கூடாது என்று இருந்தது. விவாகரத்து என்ற சொல் எங்கும் இல்லை.

கதவிடுக்கில் என் கையை வைத்துச் சாத்தியவர் அவர். இரண்டு விரல்களுக்கு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். உத்தரவு வந்ததும் அவர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நானும் ஆறு வயது மகளும் கிரிவலப் பாதையோரம் இருந்த அதே வாடகை வீட்டில் இருந்தோம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அம்மா, "அப்படின்னா அத்து விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் அவர் உன் புருஷன்தானே என்றாள். ஆமாம் என்றேன். புருஷன் ஏன் வீட்டுக்கு வரக் கூடாது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருடைய அக்கா வீட்டுப் பக்கம் நான் போனால் உத்தரவை மீறியதாகிவிடுமோ என்று பயந்து, கடைக்குச் சுற்றுவழியில் போய்வந்தேன்.

அந்த மாதப் பௌர்ணமியன்று மாலை நான்கு மணிக்கே கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. வாசலுக்கு வந்தேன். எதிரே செருப்பில்லாமல் அவர் நின்றிருந்தார்.

"நான் கிரிவலம் போறேன். ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு அந்தப் பேப்பர்ல இருக்குதா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையாகவே தெரியவில்லை என்று பட்டது.

"தெரியலீங்க," என்றேன்.

ஓரடி முன்னால் வந்தார். என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸில் இந்தச் சட்டத்து வழக்குகளைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தேன். நடந்து போனாரா, நின்றாரா என்று அந்த அம்மாள் விசாரித்தார். நடந்து போவதில் தப்பில்லை, நின்று பேசியதுதான் மீறல் என்றார்.

"நானும் பதில் பேசிட்டேன் மேடம். என்னையும் கேப்பாங்களா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உத்தரவு அவருக்குத்தாம்மா. உங்களுக்கு இல்ல."

இத்தனை நாளும் சுற்றி நடந்தது எதற்கு என்று யோசித்தபடி அன்று கடைக்கு நேர்வழியிலேயே போனேன்.

புகாரை நானே டைப் அடித்தேன். மாஜிஸ்திரேட் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார். அடுத்த பௌர்ணமிக்கு எதிர்ப்பக்கமாக, தலையைத் திருப்பாமல் நடந்து போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் மெலிந்திருந்தது கஷ்டமாகவும் இருந்தது. பிறகு கோர்ட்டில் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை நாத்தனார் வீட்டில் பார்த்துவந்தார்.

ஒரு வருஷம் கழித்து நாத்தனார் வந்து, உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு போடும்படி கேட்டார். மாட்டேன் என்றேன். விவாகரத்து கேட்கப் போகிறாயா என்றார். அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப என்னதாம்மா வேணும் உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "இந்தப் பேப்பர் இப்படியே இருக்கட்டும்," என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.