கேட்டதெல்லாம் கிடைத்தது

எண்பதுகளில் நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆஃபீஸில் கணக்கு எழுதும் கிராணி. வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். என்னை ஜொகூர் பாரு கிளைக்கு மாற்றப்போவதாக மேனேஜர் சொன்னபோது என் மனைவிக்கு ஆறாம் மாதம். வயிற்றுப் பிள்ளையோடு வீடு மாறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் தடவை அதை மீறித்தான் செலாயாங்கிலிருந்து லோரியில் சாமான் ஏற்றி வந்தோம். அந்தக் குழந்தை தங்கவில்லை. இந்த முறை லோரி என்று யாராவது சொன்னாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

முடியாது என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே ஒரு தந்திரம் செய்தோம். சலுகைகளை அடுக்கடுக்காகக் கேட்டால், இவன் சரிப்பட மாட்டான் என்று வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். என் மனைவி ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். வீட்டில் ஒத்திகையாக நான் ‘கிவ் ஹவுஸ், சார்’ என்று ஆரம்பித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு லா. ‘புரொவைட் ஹவுசிங்’னு சொல்லுங்க. லோரிக்கு ‘அரேஞ்ச் டிரான்ஸ்போர்ட்’. ஆஸ்பத்திரிக்கு ‘கவர் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்’.”

“இவ்ளோ கேட்டா வேலைய விட்டே தூக்கிட்டா?”

“ஆளத்தான் மாத்துவாங்க. பயப்படாம சொல்லுங்க.”

கிள்ளான் போகும்வரை பஸ்ஸில் அதையே முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டு ஆன்டி தள்ளி உட்கார்ந்தார். மேனேஜர் அறையில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆனாலும் பிசகாமல் மூன்றையும் சொல்லி முடித்தேன். சீனரான மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வீடு புரொவைட் செய்கிறோம், லோரி அரேஞ்ச் செய்கிறோம், ஆஸ்பத்திரியையும் கவர் செய்கிறோம், இவ்வளவு நல்ல ஆங்கிலம் வைத்திருக்கிறாயே, அந்தக் கிளைக்கு நீதான் சரியான ஆள் என்று கை குலுக்கினார். கேட்டதெல்லாம் கொடுத்தவரிடம் எந்த முகத்தோடு மறுப்பது? ‘தேங்க் யூ, சார்’ என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

“வேற ஆளப் போடுறாங்களா?”

“எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு. அடுத்த வாரம் லோரி வருது.”

அவள் முகம் வெளிறிவிட்டது. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு நானும் பஸ் ஏறி வரேன். நீங்க வாயத் திறக்க வேணாம். முடியாதுன்னு நானே சொல்லிக்கிறேன்.”

குண்டும் குழியுமான கிள்ளான் சாலையில் இவள் பஸ்ஸில் குலுங்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் அவள் எழுந்திருக்குமுன்பே கிளம்பிப் போய் மேனேஜர் முன்னால் நின்றேன். ‘ஐ கேனாட் கோ, சார்’ என்றேன். இந்த வாக்கியத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.