வேலியோரம் ஓடிய வெள்ளைக்காரன்

பிள்ளைகளே, நேற்று உங்கள் அம்மா தலைக்கு வைக்க ஆமணக்கெண்ணெய் சூடாக்கியபோது எனக்கு மண் தடத்தில் ஓடும் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் மணந்தது. அந்த எஞ்சின்களுக்கு அந்த எண்ணெய்தான் ஊற்றுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன புதிதில் எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத நான் பந்தயத்தில் மட்டும் கத்துவேன். உங்கள் அப்பப்பாதான், என் அப்பா, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிப்போவார்.

நேற்று அந்த எண்ணெய் மணத்தோடு, இந்தக் கனடா வீட்டில் அவர் இருக்கும் கீழ்த்தள பேஸ்மென்றுக்குப் போய் அவரிடம் கேட்டேன்.

“அப்பா, வேலியோரமாய் ஓடுற அந்தக் கட்டை வெள்ளைக்காரன் ஞாபகமோ?”

“ஓமடா, எங்கட முகமெல்லாம் மண் அடிச்சவன். அந்தப் பந்தய மோட்டார் சைக்கிள் ஒண்டுக்கும் பிரேக்கே இல்லை. அது தெரியாமல் நான் ‘தம்பி, பிரேக்கைப் பிடி’ எண்டு கத்த, சனமெல்லாம் சிரிச்சது.”

“உங்களுக்கும் அவனைத்தானே பிடிக்கும்?”

“அவன் நல்லவன். அந்தச் சத்தம்தான் எனக்குத் தாங்க ஏலாது. ஷெல் விழுந்த நாளெல்லாம் ஞாபகம் வரும். காதுக்குள்ள பஞ்சு வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். எண்டாலும் நீ வாய் திறந்தது அங்கதானே, அதுதான் கூட்டிக்கொண்டு போனனான்.”

இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது. அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பின்னேரம் பனி கொட்டி நின்றது. அவருடைய யன்னலருகே எப்போதும் இரைகிற, பனி தள்ளும் ஸ்னோ புளோவர் மெஷினைக் கராஜிலேயே விட்டுவிட்டு, வாசல் டிரைவ்வேயில் கிடந்த பனி முழுவதையும் நான் தனியாகக் கையால் சவல் பிடித்து அள்ளினேன்.